தெருவைத் தெளிக்கச் சொன்னேன்

2025 ஏப்ரல் 16, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். நல்ல வெயில். ஒன்பது பாகை. காற்று மேற்கிலிருந்து எங்கள் வீட்டு முகப்புக்கு நேரே வீசியது. தமிழ் வருஷம் பிறந்து இரண்டு நாள். அன்றைக்குத்தான் என் மனைவி முன்னறை யன்னலைத் திறந்தாள்.

யன்னல் திறப்பதை ஒரு நிகழ்ச்சியாக எழுதுகிறேனே என்று, பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊரில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். ஒக்டோபர் கடைசியில் யன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் பொருத்தி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி இறுக்கிவிட்டால், பிறகு ஏப்ரலில்தான் உரிப்பது. கிட்டத்தட்ட ஆறு மாதம் அவள் அந்தத் தாளுக்குள்ளால்தான் தெருவைப் பார்ப்பாள். எங்களுக்குத் தோட்டம் இல்லை, பல்கனி இல்லை. கீழ்த்தட்டில், இந்த ஊர்க் கணக்கில் மூன்றரை அறை வீடும் தெருவைப் பார்த்த ஒரு யன்னலும்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்த யன்னலடிக் கதிரை அவளுடையது.

எங்கள் பகுதியின் பெயரை எழுதவில்லை. எழுதி என்ன, காசுப் பற்றாக்குறை இல்லாத பகுதி எது? இரண்டு பக்கமும் வாடகை வீடுகள், முடிவில் பண்டகசாலைகள். நாள் முழுக்க லொறிகள். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க நகரசபை உப்பையும் உடைத்த சிறு கல்லையும் தெருவில் கொட்டும். நல்ல காரியம்தான், நானே இரண்டு முறை விழுந்திருக்கிறேன். ஆனால் பனி உருகினால் அந்தக் கல் எங்கேயும் போகாது. லொறிச் சக்கரம் அதை அரைத்து அரைத்து மா ஆக்கிவிடும். ஏப்ரலில் எங்கள் தெரு ஒரு மா மில்லுக்கு முன்னால் இருப்பதுபோல இருக்கும்.

அதனால் ஏப்ரல் பிறந்தால் கூட்டும் வண்டி வரும். இத்தனை வருஷத்தில் அதன் ஒழுங்கு எனக்கு மனப்பாடம். முதலில் தண்ணீர் வண்டி வந்து தெருவை நனைத்துக்கொண்டு போகும். பின்னால் பெரிய தும்புகள் சுழலும் வண்டி கூட்டிக்கொண்டு வரும். அதற்கும் பின்னால் சின்னக் கார் ஒன்றில் பரிசோதகர் வந்து, எடுக்காமல் விட்ட கார்களுக்குத் தண்டம் எழுதுவார்.

அன்றைக்குத் தண்ணீர் வண்டி வரவில்லை. கூட்டும் வண்டி மட்டும் வந்தது. ஆறு மாதத்து மா முழுவதையும் அது காய்ந்தபடியே கிளப்பியது. எதிர்ப்பக்கத்து வீடுகள் மறைந்தன. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இருமல் கேட்டது. பிறகு இருமல் நின்றது. நின்றதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஓடிப் போய்ப் பார்த்தால், யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்கிறாள். மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நாவல்பழ நிறம்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் தள்ளுகட்டிலில் முப்பத்தொரு மணித்தியாலம். சிகரெட் பிடித்ததுண்டா என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு அவள், "இனித்தான் பழக வேணும்" என்று தமிழில் சொன்னாள். இளம் டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுவாசப்பை ஏற்கெனவே பழுதாம். தூசி அதற்கு விஷமாம். இன்னொரு முறை இப்படி வந்தால் ஒட்சிசன் இயந்திரத்தோடுதான் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார். அப்படி வந்தால் அதைப் பிறகு கழற்றுவது இல்லையாம்.

வீட்டுக்கு வந்து யன்னல் விளிம்பைத் துடைத்தேன். துடைத்ததைக் கரண்டியில் அள்ளினால் ஒன்றரைத் தேக்கரண்டி. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் மாத்திரைப் பட்டைகளில் குறை எண்ணுகிற வேலை பார்த்தவன் நான். பட்டைக்குப் பத்து இருக்க வேண்டும், ஒன்பது இருந்தால் பெட்டி முழுவதும் திருப்பி அனுப்பப்படும். ஒரு மாத்திரை குறைந்தால் அது குற்றம். ஒரு தண்ணீர் வண்டி குறைந்தால்?

ஏப்ரல் 30 அடுத்த முறை. முன்பு ஒவ்வொரு புதனும் வந்தார்கள், இந்த வருஷம் ஒன்றுவிட்ட புதன்தான் என்று கம்பத்தில் புதுப் பலகை. அன்று யன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத் துவாய் அடைத்து, அவளைப் பின்னறையில் இருத்தினேன். காற்றுச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கி அவளுக்குப் பக்கத்தில் உறுமவிட்டேன்.

"என்னையென்ன ரின்னுக்கை போட்டு மூடின அப்பளம் எண்டு நினைச்சியளோ?" என்றாள்.

"கொஞ்ச நேரம் பொறும்."

"எவ்வளவு நேரம்? ரோட்டிலை கிடக்கிற புழுதி புதன்கிழமை மட்டுமோ பறக்குது? லொறி கலண்டர் பாத்தே வருது?"

அவள் சொன்னது சரி. முழுக்கக் கூட்டி அள்ளும்வரை ஒவ்வொரு லொறிக்கும் ஒரு புழுதி மேகம் எழும்பத்தான் செய்யும். நனைத்துக் கூட்டினால் இரண்டு தடவையில் தெரு சுத்தம். காயக் கூட்டினால் பாதி வண்டிக்குள் போகும், பாதி எழும்பி நின்றுவிட்டுத் திரும்ப அதே இடத்தில் படியும். இது பெரிய விஞ்ஞானம் இல்லை. எங்கள் சனத்தில் விளக்குமாறு பிடித்த எவருக்கும் தெரியும், தெளித்துவிட்டுத்தான் கூட்டுவது.

பகுதிச் சபை மாதத்தின் முதல் செவ்வாய் மாலை கூடும். ஊர்ச்சனம் பெயர் பதிந்து கேள்வி கேட்கலாம். ஆளுக்கு ஒரு கேள்வி. நான் மே 6-க்குப் பதிந்தேன்.

என் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. எண்கள் சுத்தம், மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறும். கேள்வியை நானே எழுதினேன். ஒரு சொல் மட்டும் தெரியவில்லை. ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருக்கும் மகளுக்கு வேலை நேரத்தில் போன் எடுத்தேன். அவள் ஐந்து வயதில் இங்கே வந்தவள். வீட்டுக்குள் தமிழ் பேசுவாள், வெளியில் பிரெஞ்சு.

"பிள்ளை, தெளிக்க வேணும் எண்டதுக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது?"

"எதை அப்பா?"

"ரோட்டுக் கூட்டுற விஷயம். சபையிலை கேக்கப்போறன்."

"சபையிலை விஷயத்தை... ஆ, ஓம். கிளாரிஃபியே அப்பா. மீற்றிங் ஒண்டு, பேந்து எடுக்கிறன்."

கிளாரிஃபியே. எனக்குச் சொல் பிடித்திருந்தது. கிளேர் என்றால் தெளிந்தது என்று ஏற்கெனவே தெரியும். தெளி, தெளிந்த, தெளித்தல். பிரெஞ்சிலும் எங்களைப்போலவே ஒரே வேரில் வைத்திருக்கிறார்களே என்று மெச்சினேன்.

மண்டபத்தில் இருபத்தாறு பேர். எனக்கு முன்னால் ஐந்து பேர் கேட்டார்கள். நாய்ப் பூங்கா, நூலக நேரம், பொந்து விழுந்த தெரு. எல்லோருக்கும் கடைசியில் ஒரே பதில்: பற்றாக்குறை. என் முறை வந்தது. ஒலிவாங்கியைச் சரிசெய்து, எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். கூட்டுவதற்கு முன்னால் தெருவைக் கிளாரிஃபியே செய்ய வேண்டும், முந்தி ஒவ்வொரு வருஷமும் செய்தீர்கள், இந்த வருஷம் ஏன் கிளாரிஃபியே செய்யவில்லை, என் மனைவிக்கு மூச்சு நின்றது.

சபைத் தலைவி எனக்கு மகள் வயது. முதலில் புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில் இருந்தவரோடு குனிந்து பேசினார். பிறகு முகம் மலர்ந்து, மெசியே சொல்வது முற்றிலும் சரி என்று தொடங்கினார். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினார். கிளாரிஃபியே என்ற சொல் நான்கு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். கடைசியில் என் கேள்விக்கு மெர்சி சொன்னார். சிலர் கைதட்டினார்கள். இந்த நாட்டில் எனக்குக் கைதட்டியது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு எடுத்தேன்.

"ஓமெண்டு சொல்லிப்போட்டினம், பிள்ளை. இனித் தெளிப்பினம்."

"என்ன கேட்டனீங்கள்? வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். போனில் ஒரு மூச்சு, அதற்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்பு. "ஐயோ அப்பா, தெருவுக்கு விளக்கம் குடுக்கச் சொல்லியெல்லோ கேட்டிருக்கிறியள்! நான் தெளிவாக்கிறதைக் கேக்கிறியள் எண்டு நினைச்சன். தண்ணி தெளிக்கிறது அரோசே அப்பா, அரோசே."

சபையின் காணொளியை அவள் பார்த்து எனக்கு மொழிபெயர்த்தாள். தலைவி உண்மையிலேயே தெளிவாக்கியிருந்தார். பனி அள்ளும் செலவு கூடிவிட்டது, நடுநகரசபை தரும் பங்கு குறைந்துவிட்டது, எங்கோ வெட்டத்தான் வேண்டும். தண்ணீர் வண்டிகள் சபையின் சொந்தமில்லை, குத்தகைக்காரரிடம் வாடகைக்கு எடுப்பவை. இந்த வசந்தத்துக்கு எடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு ஒரு கோப்பி விலை மிச்சம். வரி கூட்டுவதா, ஒரு கோப்பியை மிச்சம் பிடிப்பதா என்று அவர் கேட்டபோதுதான் சனம் கைதட்டியது. எனக்கு இல்லை.

அடுத்த நாள் மூலையில் உள்ள டெபனர் கடைக்குப் போய் விசாரித்தேன். சின்னக் கோப்பி இரண்டு டொலர் முப்பத்தைந்து சதம்.

சபை இனி ஜூன் மாதம்தான். வண்டி மே 14-ம் திகதியும் 28-ம் திகதியும் வரும். கட்டிடத்தின் முன்பக்கம் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. நீளமான இறப்பர் குழாயைப் பூட்டினால் இடப்பக்கம் இரண்டு வீடு, வலப்பக்கம் இரண்டு வீடு எட்டும் என்று அளந்து பார்த்துக்கொண்டேன்.

மே 14, காலை ஆறு நாற்பது. குளிர்ச் சட்டையும் இறப்பர்ச் சப்பாத்துமாக இறங்கினேன். குழாய் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் தண்ணீர் விசிறியாகப் போகும். வெள்ளம் ஓடக் கூடாது, புழுதி குடிக்கிற அளவுக்கு மட்டும். யன்னலுக்குப் பின்னால் மனைவி நின்றாள். சிறு இடுக்குத் திறந்து கட்டளை.

"இஞ்சாருங்கோ, அங்காலை காயுது! அந்த வெள்ளைக் கார் நிண்ட இடம்!"

"நீர் யன்னலைச் சாத்தும் முதல்."

"வாய்க்கால் கரையை விட்டுட்டீங்கள். அதிலைதானே சாமான் முழுக்கக் கிடக்கு."

மேல்வீட்டுத் தம்பி வேலைக்குப் புறப்பட்டு வந்தான். மன்னார்ப் பிள்ளை, டாக்சி ஓடுகிறவன், ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவன்.

"என்ன அண்ணை, மாப்பிள்ளை ஊர்வலம் வருதோ? கோலமும் போடப்போறியளோ?"

"உன்ரை காரையும் ஒருக்கா நனைச்சு விடுறன், நில்லு."

"நனையுங்கோ. கழுவுற காசு மிச்சம்."

ஏழு பதினைந்துக்குக் கூட்டும் வண்டி திரும்பியது. தூரத்தில் வரும்போதே புழுதி மேகம் அதற்கு முன்னால் உருண்டு வந்தது. எங்களுக்கு மூன்றாம் வீட்டில் மேகம். இரண்டாம் வீட்டு எல்லையில் தும்பு என் ஈரத்தைத் தொட்டது, மேகம் அறுந்தது. கத்தியால் வெட்டியதுபோல. எங்கள் வாசலைக் கடக்கும்போது வண்டியின் சத்தம் மட்டும்தான். சாரதி கண்ணாடிக்குள்ளிருந்து எனக்குப் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனான். திரும்பிப் பார்த்தால் அவள் யன்னலை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறாள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிப் பார்த்துவிட்டு, பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, கதிரையில் இருந்தாள். "தேத்தண்ணியை இஞ்சையே கொண்டு வாருங்கோ" என்றாள்.

அந்தத் தேத்தண்ணியை நான் போடவில்லை. சின்னக் கார் வந்து நின்றது.

பரிசோதகர் மரியாதையான மனுஷன். போன்ஜூர் சொன்னார். கையில் குழாயோடு நின்ற என்னைப் பார்த்து, மெசியே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அப்போது நான் கிளாரிஃபியே என்று சொல்லியிருந்தால் ஏதோ கிழவன் உளறுகிறான் என்று போயிருப்பார். ஆனால் நான் ஒரு கிழமையாகச் சரியான சொல்லைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதைச் சபையில் சொல்ல முடியாத வயிற்றெரிச்சல் வேறு. நிமிர்ந்து நின்று, உச்சரிப்புப் பிழைக்காமல், "ஜரோஸ் லா ரு, மெசியே" என்றேன். நான் தெருவைத் தெளிக்கிறேன், ஐயா.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். குடிதண்ணீரைப் பொதுத் தெருவில் விடுவது குற்றம். இருநூற்றைம்பது டொலர், செலவு எண்பத்தேழு. இன்னொரு முறை பிடிபட்டால் தண்டம் இரட்டிப்பு என்பதையும் மரியாதையாகச் சொன்னார். தண்ணீர் வண்டிக்குக் காசில்லாத சபைக்கு இந்த மனுஷனுக்கும் இவருடைய காருக்கும் பெற்றோலுக்கும் காசு இருக்கிறது. சண்டை பிடிக்கவில்லை. அவர் காசு கொண்டு வருகிறவர், தண்ணீர் வண்டி காசு கொண்டு போவது. எந்தக் கணக்குப்பிள்ளையும் அப்படித்தான் வெட்டுவான்.

மாலையில் மேல்வீட்டுத் தம்பி தண்டச் சீட்டை வாசித்துவிட்டு, "அடுத்த முறை தீர்த்தம் தெளிக்கிறன் எண்டு சொல்லுங்கோ அண்ணை. பங்குத்தந்தையிட்டைச் சொல்லி ஒரு கடிதமும் எடுத்துத் தாறன்" என்றான். மனைவி சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. நான் மருந்துப் பம்பை எடுத்துக் கொடுத்தேன்.

28-ம் திகதிக்கு நான் வேறு வழி யோசித்து வைத்திருந்தேன். சட்டம் குடிதண்ணீரைத்தானே தடுக்கிறது? அரிசி கழுவிய தண்ணீர் குடிதண்ணீரா? குளித்த தண்ணீர்? வாளிகளைச் சேர்க்கத் தொடங்கினேன். குளியலறையில் கால் வைக்க இடமில்லை. ஏழாவது வாளி நிரம்பிய அன்று அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"எழுபத்தாறு வயசிலை வாளி தூக்கி விழப்போறியளோ?"

"அப்ப நீர் எப்பிடி மூச்சு விடுறது?"

"நான் மூச்சு விடுறதுக்கு நீங்கள் தண்டம் கட்டுறதோ? நான் பிள்ளை வீட்டை போறன்."

27-ம் திகதி மகள் வந்து ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு தோள்பை, மருந்துப் பம்ப், மூன்று உடுப்பு. இடியப்ப உரலை எடுக்கவில்லை. அதைக் கண்டு ஆறுதல் பட்டேன். அந்த உரல் இல்லாமல் அவள் நிரந்தரமாக எங்கேயும் போனதில்லை. வாளிகளை ஒவ்வொன்றாகக் குளியல்தொட்டியில் ஊற்றினேன்.

ஜூன் மாதம் வருவாள் என்று நினைத்தேன். ஜூனில் ஒரு நாள் வந்தாள். யன்னலடியில் இருந்து நான்கு லொறி போகுமட்டும் பொறுத்தாள். பின்னேரம் மகளோடு போய்விட்டாள். மகளின் தெருவில் லொறி இல்லை, அங்கே நகரசபையும் வேறு. முதல் பனி விழுந்து புழுதி அடங்கிய பிறகுதான், நவம்பரில் திரும்பி வந்தாள். நான் யன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினேன். அவள் அதற்குப் பின்னால் இருந்தாள். திறக்கக்கூடிய மாதங்களில் அவள் இங்கே இல்லை. இருக்கும் மாதங்களில் திறக்க முடியாது.

தண்டத்தை நான் கட்டவில்லை, குற்றவாளி இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தேன். பெப்ரவரியில் விசாரணை. மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண்ணைத் தந்தார்கள். நீதிபதி, தெரு கூட்டுவது உங்கள் வேலையா என்று கேட்டார். இல்லை, தெளிப்பதும் என் வேலை இல்லை, ஆனால் இரண்டுக்கும் வரி கட்டுகிற வாடகையை நான்தான் கட்டுகிறேன் என்றேன். எதற்காகத் தண்ணீர் விட்டீர்கள் என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை, என்ன தண்ணீர் என்று மட்டும்தான் கேட்கிறது என்றார். மழைத் தண்ணீராக இருந்திருந்தால் அவருக்கு ஆட்சேபனை இல்லையாம். பரிசோதகரின் குறிப்பிலிருந்து என் வாக்கியத்தை வாசித்துக் காட்டினார்கள். ஒரு பிழையும் இல்லாத பிரெஞ்சு. நான் மறுக்கவில்லை. தண்டம் உறுதியானது, செலவுக்கு மேலும் அறுபத்தொரு டொலர் ஏறியது.

வெளியில் அந்தப் பெண் தன் மேலங்கியைப் பூட்டிக்கொண்டே, "எங்க வீட்லயும் தெளிச்சுட்டுத்தான் சார் பெருக்குவோம்" என்றாள்.

"அதை உள்ளுக்கை சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நீங்க சொல்றதைத்தான் சார் நான் சொல்லலாம். நான் நினைக்கிறதை இல்ல."

தெருவில் இறங்கினால், கல் கொட்டும் லொறி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. உறைந்த தெருவில் கல் தெறித்தது. அடுத்த ஏப்ரலுக்கு உரியது.

போன கிழமை, மார்ச் இரண்டாம் ஞாயிறு, மகள் வந்தாள். இந்த முறை மனைவி தோள்பையோடு போகவில்லை. இரண்டு சூட்கேஸ். நான் காரில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது குசினித் தட்டில் இடியப்ப உரல் இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது.

"நீங்களும் வாங்கோவன்" என்றாள் மனைவி, காருக்குள்ளிருந்து. "ஆர் உங்களை இஞ்சை காவல் இருக்கச் சொன்னது?"

அன்று மாலையே வீட்டுக்காரருக்கு எழுதினேன், ஜூலை முதலாம் திகதி வீட்டை விடுவதாக. இந்த வாடகைக்கு இனி இப்படி ஒரு வீடு எனக்குக் கிடைக்காது, அவருக்கு அது நல்ல செய்தி. மகள் நிலக்கீழ் அறையைப் பூச்சடித்து வைத்திருக்கிறாள். வெப்பம் நல்லது, கட்டில் புதிது. யன்னல் இரண்டு சாண், நில மட்டத்தில், திறக்கிற வகை இல்லை. அதைப் பார்த்துவிட்டு மனைவி, "பரவாயில்லை, பிளாஸ்டிக் ஒட்டுற வேலை இல்லை" என்றாள். அவள் ஒழுங்காக மூச்சு விடுகிறாள். ஒட்சிசன் இயந்திரம் வரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போது ஆத்திரம் குறைவதில்லை.

அம்புலன்சுக்கு எங்கள் வயதுக்காரரிடம் காசு வாங்குவதில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தண்டமும் செலவுகளும் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு டொலர். காற்று இயந்திரம் வரியோடு இருநூற்றுப் பதினெட்டு டொலர் நாற்பத்துநான்கு சதம். எங்கள் நகரம் இருக்கும் தீவுக்குள் கிழவர்களுக்குப் பஸ் பயணம் இலவசம், ஆற்றைக் கடந்தால் காசு. என் மனைவியைப் பார்க்க நாற்பத்தொரு தடவை ஆற்றைக் கடந்து வந்ததில் நானூற்றுப் பத்து டொலர். இதிலிருந்து சபை எனக்கு மிச்சம் பிடித்துத் தந்த கோப்பி விலை இரண்டு டொலர் முப்பத்தைந்து சதத்தைக் கழிக்க வேண்டும். கழித்தேன். ஆயிரத்து இருபத்துநான்கு டொலர், ஒன்பது சதம்.